முப்பத்துமூன்று அடி வீட்டுக்கு ஒரு வண்டி

ஓர்டவே, நெப்ராஸ்கா
செப்டம்பர் 9, 2012

அன்புள்ள மார்வா,

இன்று காலை, நம் சமையலறை மேஜையில், நம் டிரெய்லர் வீட்டை இழுக்க நாம் வாங்கப்போகும் பிக்அப் வண்டியின் நிறம் வெள்ளை என்று முடிவாயிற்று. இதை நான் அவசரப்பட்டு எடுக்கவில்லை. சாம்பல் நிறத்தை வியாழக்கிழமை வரை பரிசீலனையில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு வெர்லின் சாட்சியாக இருந்தான். முடிவை அறிவித்ததும் எழுந்து நின்று, "நல்லதாப் போச்சுப்பா, காபி இன்னும் இருக்கா?" என்றான்.

என்ன வண்டி என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் வேலை நடக்கிறது. நேற்று வெர்லினின் டிராக்டரில் டிரெய்லரைக் கட்டி, கூட்டுறவு தானியக் கிடங்கின் எடைமேடைக்குக் கொண்டுபோனேன். நான் ஓய்வு பெற்றுப் போனாலும் என் நாற்காலியை இன்னும் யாரும் மாற்றவில்லை. டிரெய்லர் விற்றவன் நம்மிடம் சொன்ன எடை 7,600 பவுண்டு. அது உள்ளே ஒரு தேக்கரண்டிகூட இல்லாதபோது உள்ள எடை. உன் இரும்பு வாணலிகள், தையல் மிஷின், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து மேடை காட்டியது 9,400. முப்பது வருஷம் ஊரார் மக்காச்சோளத்தை எடை போட்டவனிடம் ஒரு விற்பனைக்காரன் இப்படிச் சொல்லியிருக்கிறான் என்பதை நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கணக்குக்கு உன் எடையும் வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது வேண்டாம். அது நமக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து மாறவே இல்லை.

அன்புடன்,
லைல்


கன்யாடா செகா மாநிலப் பூங்கா, நியூ மெக்சிகோ
செப்டம்பர் 16

லைல்,

நிறம் வெள்ளை. சரி. அந்த வெள்ளைக்கு அடியில் ஒரு வண்டி இருக்குமா என்று தெரிந்தால் போதும்.

முதலில் இங்குள்ள நிலைமை. இந்தக் குளிர்காலத்துக்கு நாம் ஒப்புக்கொண்ட முகாம் பொறுப்பாளர் வேலைக்கு ஒதுக்கிய ஒன்றாம் எண் இடம் காலியாகக் கிடக்கிறது. மின்சாரம் உண்டு, தண்ணீர் உண்டு, நிழலுக்கு ஒரு மரம்கூட உண்டு. இல்லாதது நம் டிரெய்லர். வேலையைத் தொடங்க முன்னதாகவே வந்துவிட்ட நான், அது வரும்வரை தூங்குவது பூங்காவின் சாமான் அறையில். ஒரு பக்கம் இலை ஊதும் மிஷின், மறுபக்கம் எலிப்பொறிகள். பூங்கா அதிகாரி ஓர்லிண்டா பாக்கா நல்ல பெண். நேற்று என்னிடம் சொன்னாள்: "மார்வாம்மா, எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா நவம்பர் ஒண்ணுக்குள்ள டிரெய்லர் வந்து நிக்கணும். கனடாவுல மனிடோபாலேருந்து ஒரு ஜோடி போன வருஷத்துலேருந்து காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க கிட்ட டிரெய்லர் இருக்கு. அத இழுக்க வண்டியும் இருக்கு." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்தைப் பனியில் ஓட்டிக்கொண்டு, ஒரு குளிர்காலமாவது பனி இல்லாத ஊரில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் தலையாட்டினாய். இந்த இடம் போனால் அடுத்தது எப்போது என்று எனக்குத் தெரியாது. யானையை வாங்கிவிட்டு ஆறு மாதமாக அங்குசத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறோம்.

இங்கே சாயங்காலம் ஆனால் ஆண்கள் எல்லாரும் உலாவக் கிளம்புகிறார்கள். காற்று வாங்க அல்ல. அடுத்தவன் வண்டியின் பின்பக்கம் போய், பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு, கொக்கியைப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம், முப்பத்துமூன்று அடி டிரெய்லருக்கு என்ன வண்டி வேண்டும் என்று கேட்டேன். "ஒரு டன் வண்டி. டீசல். இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

போன் செய்யாதே. குன்றின் உச்சிக்கு ஏறினால்தான் எனக்குக் கேட்கும். போன தடவை ஏறி வந்தபோது நீ வண்டியின் பின் அச்சுப் பல்சக்கரத்தில் எத்தனை பல் என்பதைப் பற்றிப் பேசினாய். எழுது.

என் எடை உன் கணக்கில் வராது.

மார்வா


ஓர்டவே
செப்டம்பர் 24

அன்புள்ள மார்வா,

நல்ல செய்தி. வண்டி அகப்பட்டுவிட்டது. ஏறக்குறைய.

ராய்ஸின் கடைக்குப் போயிருந்தேன். என் தாத்தா காலத்திலிருந்து நம் வீட்டில் ஓடும் நம் கம்பெனி வண்டிகளை இந்த மாவட்டத்தில் விற்பது அவன் ஒருவன்தான், போதாததற்கு என் அத்தை மகன். வெள்ளை நிறத்தில், அரை டன் என்கிற சின்ன வகையில் ஒன்று நிற்கிறது. அழகான வண்டி. "பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் மாப்ளே! உன் டிரெய்லர் பின்னாடி இருக்குறதே உனக்குத் தெரியாது," என்றான் ராய்ஸ். நான் ஓட்டுநர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்தேன். ராய்ஸின் முகம் சுருங்கியது. அவன் கடைக்கு வருபவர்கள் பொதுவாக அந்தக் கதவைத் திறப்பது உள்ளே உட்காரத்தான்.

மார்வா, இழுப்பது வேறு, சுமப்பது வேறு. டிரெய்லரின் எடையில் எட்டில் ஒரு பங்கு கொக்கி வழியாக வண்டியின் முதுகில் ஏறும். சீட்டின்படி இந்த வண்டி சுமக்கக்கூடியது 1,480 பவுண்டு. கொக்கியில் இறங்குவது 1,180. கொக்கி தானே ஒரு 95. நான் 205. கழித்துப் பார்.

பூஜ்யம். ஒரு பவுண்டு மிச்சமில்லை, ஒரு பவுண்டு குறையவும் இல்லை. என் வாழ்நாளில் இப்படி ஒரு கணக்கு நேராக வந்து பார்த்ததில்லை. நீ ஏறாவிட்டால் வண்டி கச்சிதமாகப் பொருந்துகிறது. நீயோ ஏற்கெனவே அங்கே இருக்கிறாய். ஆகவே பிரச்சினை ஏப்ரலில் திரும்பி வரும்போதுதான் எழும். அதற்குள் யோசித்துவிடலாம்.

ஒரு டன் என்கிற பெரிய வகை வண்டி நம் கம்பெனியிலும் உண்டு. ராய்ஸிடம் இப்போது இல்லை. சொல்லி வைத்தால் பிப்ரவரியில் வரும்.

அன்புடன்,
லைல்


கன்யாடா செகா
அக்டோபர் 2

லைல்,

எனக்கு அறுபத்துமூன்று வயது. முப்பத்தெட்டு வருஷமாக உன் மனைவி. இதுவரை நான் யாருக்கும் அதிகப்படிச் சுமையாக இருந்ததில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஏப்ரலில் நான் எப்படித் திரும்புவேன் என்று யோசிக்க உனக்கு ஆறு மாதம் இருக்கிறது. என்னிடம் நான்கு வாரம் இருக்கிறது. ஆகவே நானே வண்டி பார்த்துவிட்டேன்.

பதினான்காம் எண் இடத்தில் திரு. பெக்வித் என்று ஒருவர் இருக்கிறார். ஆர்கன்ஸாஸ்காரர். கண் பார்வை மங்கிவிட்டதால் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். டிரெய்லரை விற்றுவிட்டார், வண்டி மட்டும் நிற்கிறது. ஒரு டன். டீசல். பின்பக்கம் நான்கு சக்கரம். எண்ணெய் மாற்றிய தேதிகளைக் கதவின் உள்பக்கமே எழுதி வைத்திருக்கிற மனிதர். விலை நம் சேமிப்புக்குள் அடங்குகிறது. உன் மஞ்சள் சீட்டையும் படித்தேன்: 4,300 பவுண்டு. உன்னையும் ஏற்றலாம், என்னையும் ஏற்றலாம், வெர்லினை அவன் காபியோடு ஏற்றலாம்.

வண்டி வெள்ளை.

ஒரே ஒரு விஷயம், முன்பே சொல்லிவிடுகிறேன். அது நம் கம்பெனி அல்ல, அந்த இன்னொரு கம்பெனி வண்டி.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். சொல்வதற்கு முன் எலிப்பொறிகளை நினைத்துக்கொள். நேற்று ஒன்று என் செருப்பைப் பிடித்தது. திரு. பெக்வித்திடம், "என் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்," என்றேன். "தாராளமாக் கேளும்மா. எனக்கு இருபதாம் தேதி வரைக்கும் அவசரமில்ல," என்றார். பிறகு, "அவரு எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். சொன்னேன். வண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஓ," என்றார்.

உடனே பதில் போடு.

மார்வா


ஓர்டவே
அக்டோபர் 9

அன்புள்ள மார்வா,

உன் கடிதம் கிடைத்தது. உட்கார்ந்து படித்தேன்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் எந்தக் கம்பெனி மீதும் துவேஷம் இல்லை. வண்டி என்பது இரும்பு. ஆனால் நம் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாததா? என் தாத்தா எமில் முதல் பயிர்ப் பணத்தில் வாங்கியது நம் கம்பெனி வண்டி. அப்பா அதைத் தவிர வேறு எதிலும் ஏறியதில்லை. சித்தப்பா வெண்டல் 1974இல் அந்தக் கம்பெனி வண்டியை ஓட்டிக்கொண்டு நன்றி நவிலல் நாள் விருந்துக்கு வந்தார். அப்பா ஜன்னல் வழியே பார்த்தார். வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. சித்தப்பாவின் இறுதிச் சடங்குக்குப் போனபோதுகூட அப்பா தேவாலய வாகன நிறுத்தத்தில் நம் வண்டியை விடவில்லை. சவ ஊர்தி எந்தக் கம்பெனி என்று விசாரித்துவிட்டு, எதிர்ச்சாரியில் நிறுத்தினார். அவர் கோபக்காரர் அல்ல, மார்வா. தேவாலயத்தில் பாஸ்டருடன் ஒருதரம்கூட முரண்பட்டதில்லை.

இருந்தும் நான் திறந்த மனத்தோடு, கிடங்கில் காலைக் காபிக் கூட்டத்தில் விஷயத்தை வைத்தேன்.

"என்னப்பா லைல், டிரெய்லருக்கு மாப்பிள்ள பாத்தாச்சா?" என்றான் ஆர்லோ.

"ஒண்ணு வந்திருக்கு. ஒரு டன். டீசல். வெள்ளை."

"அப்புறம் என்ன, முடிச்சிட வேண்டியதுதான! எந்தக் கம்பெனி?"

சொன்னேன். ஆர்லோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

வெர்லின்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். "ராத்திரில கொண்டாந்து கொட்டகைல விட்டுட்டா? மேல ஒரு தார்ப்பாய் போட்டுட்டா?"

"ஏம்ப்பா, தார்ப்பாய் போட்டா சத்தம் கேக்காதா?" என்றான் ஆர்லோ. "அந்த இன்ஜின் சத்தம் எங்க வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்டா. உங்க அப்பா இதக் கேட்டிருந்தா, கல்லறையிலேருந்து எழுந்து வந்து சாவியத் திருப்பிக் குடுத்துட்டுப் போயி படுத்துக்குவாரு."

முன்பக்கத்துப் பெயர்ச் சின்னத்தைக் கழற்றிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. கழற்றினால் ஓட்டை தெரியும், ஓட்டையின் வடிவமே காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் கைவிடப்பட்டது.

ஆகவே, எல்லா வழிகளையும் ஆராய்ந்த பிறகு, இன்று மதியம் ராய்ஸின் கடையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அரை டன். நம் கம்பெனி. பின் ஸ்பிரிங்குகளுக்கு இடையே காற்றுப் பை இரண்டு மாட்டித் தருகிறான், வால் தொங்காது. பதினெட்டாம் தேதி கிளம்புகிறேன். கெடுவுக்கு வெகு முன்பே அங்கே இருப்பேன்.

திரு. பெக்வித்துக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் எந்தக் கம்பெனி என்பது எனக்கு ஒரு பொருட்டல்ல.

அன்புடன்,
லைல்


கன்யாடா செகா
அக்டோபர் 15

லைல்,

கிளம்பாதே.

காற்றுப் பை மாட்டினால் வால் தூக்கும். சீட்டில் உள்ள எண் மாறாது. பெல்ட்டை இறுக்கினால் தொப்பை குறைந்துவிடுமா? இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அளவுக்கு மேல் ஏற்றிய லாரி என்று எத்தனை பேரைக் கிடங்கு வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருப்பாய். உன் தம்பி முறையுள்ளவன் ஒருவனைக்கூட அனுப்பினாய். அவன் அம்மா ஒரு வருஷம் என்னிடம் பேசவில்லை.

திரு. பெக்வித்தின் வண்டியை வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த ஓய்வுப் பணம். உன்னைக் கேட்கவில்லை. கேட்டதற்குத்தான் பதில் வந்துவிட்டதே. நேற்று ஓட்டிப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகள் கத்தாத பேருந்து மாதிரி இருக்கிறது. நானே வந்து டிரெய்லரைக் கட்டிக்கொள்கிறேன். ஊருக்குள் வரச் சங்கடம் என்றால் இருட்டின பிறகு வருகிறேன், எனக்கு அதிலும் வெட்கமில்லை.

இந்தக் கடிதம் நீ கிளம்புமுன் வந்து சேருமா என்று ஓர்லிண்டாவைக் கேட்டேன். "தபால்காரரு வியாழக்கிழமதான் வருவாரு," என்றாள். நீ கிளம்பும் பதினெட்டாம் தேதிதான் வியாழக்கிழமை.

மார்வா


பெல்ஃபோர்ட், கன்சாஸ்
அக்டோபர் 20

அன்புள்ள மார்வா,

நான் நலம். வண்டி நலம். டிரெய்லர் நலம். மூன்றும் கன்சாஸில் இருக்கின்றன.

நெப்ராஸ்காவைத் தாண்டும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிரே வருபவர்கள் எல்லாரும் விளக்கைச் சிமிட்டினார்கள். நம் புது வண்டியைப் பாராட்டுகிறார்கள் என்று நானும் சிமிட்டினேன். பிறகுதான் புரிந்தது, காற்றுப் பையையும் மீறி வால் தாழ்ந்து என் முகப்பு விளக்கு அவர்கள் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. கன்சாஸில் பக்கவாட்டில் காற்று பிடித்தது. டிரெய்லர் இடப்பக்கம் போக ஆசைப்பட்டது. அப்புறம் வலப்பக்கம். ஸ்டீயரிங்கைத் திருப்பினால், முன் சக்கரம் அதைப் பற்றி யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஒரு கால்நடை லாரி என்னைக் கடந்தபோது, நான் பாட்டியிடம் கற்ற ஜெபத்தை ஜெர்மன் மொழியில் சொன்னேன். எனக்கு ஜெர்மன் மறந்து நாற்பது வருஷம் ஆகிறது.

இந்த ஊரில் ஒரு தானியக் கிடங்கு இருக்கிறது. ஓரமாக எடைமேடை காலியாகக் கிடந்தது. ஓட்டிக்கொண்டே போயிருக்கலாம். முடியவில்லை. ஏற்றினேன். ஜன்னலுக்குள் இருந்த பெண், எண்ணைப் பார்த்தாள், என் வண்டியைப் பார்த்தாள், எழுந்து வெளியே வந்தாள்.

"ஏன் பெரியவரே, இத யாரு ரோட்டுல விட்டது?"

"நான்தான்மா."

"உங்களுக்கு இதுல ஏதாவது அனுபவம் உண்டா?"

என் உத்தியோகத்தை நான் சொல்லவில்லை.

பின் அச்சில் அனுமதித்ததைவிட 410 பவுண்டு கூடுதல். என் கருவிப்பெட்டியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது எப்போதும் வண்டியிலேயே இருப்பது, ஆகவே வண்டியின் பாகம் என்று எடுத்துக்கொண்டேன். ஜெனரேட்டரும் அப்படியே. கிடங்குச் சுவரில், நான் முப்பது வருஷம் மாட்டி வைத்திருந்த அதே பலகை இங்கேயும் தொங்குகிறது: அளவு மீறிய வண்டி வந்த வழியே திரும்பும். அதைப் படித்துவிட்டு அந்த மேடையிலிருந்து மேற்கே, உன் பக்கம் இறங்க எனக்குக் கால் வரவில்லை. கிழக்கே, வந்த வழியே இறங்கினாலும் அதே எடைதான். ஆகவே கிடங்கு மைதானத்தில் நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பெண் மறுக்கவில்லை. மதியம் மிளகாய்க் கறியும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் கொடுத்தனுப்பினாள்.

திரு. பெக்வித்தின் வண்டி இன்னும் நிற்கிறதா? நின்றால் வாங்கி இங்கே ஓட்டி வா. பெல்ஃபோர்டில் என்னை யாருக்கும் தெரியாது.

பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஓர்லிண்டா பாக்கா எடுத்து, "என்ன விஷயம், மார்வாம்மாகிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். கடிதம் எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். இது அடுத்தவர் வாய் வழியாகப் போகிற விஷயமல்ல.

லைல்


ஓர்டவே
நவம்பர் 5

அன்புள்ள மார்வா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். முப்பதாம் தேதிக்குள் சேர்ந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பெல்ஃபோர்டில் நடந்ததைப் பற்றி ஒரு விளக்கம் தர வேண்டியிருக்கிறது. நீ வந்து இறங்கியதும் நான் அந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன் என்பதை நீ மறுக்க மாட்டாய். கொக்கி நல்ல கொக்கி என்று வாய்விட்டே சொன்னேன். டிரெய்லரை நீயே பின்னால் ஓட்டி, ஒரே தடவையில் பொருத்தினாய். கிடங்குப் பெண் கை தட்டினாள். நான் தட்டவில்லை, ஏனென்றால் கையில் சங்கிலி இருந்தது.

"ஏறுறியா?" என்று கேட்டாய். "அரை டன்ன இங்கயே போட்டுட்டுப் போக முடியுமா?" என்றேன். "அப்ப அதுல பின்னாடி வா," என்றாய். வந்திருக்கலாம். பின்னாலேயே ஒரு சாலைச் சந்திப்பு வரை வந்தேன், கண்ணாடியில் பார்த்திருப்பாய். ஆனால் அந்த வாரத்துக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால், ராய்ஸ் முழுத் தொகையையும் ஒரு டன் வண்டிக்கு முன்பணமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தான். அதனால்தான் வடக்கே திரும்பினேன். நீ ஹாரன் அடித்தாய். நல்ல கனமான ஹாரன்.

வண்டியைக் கொடுத்துவிட்டேன். நம் கம்பெனி ஒரு டன் வண்டி, வெள்ளை, சொல்லியாகிவிட்டது. பிப்ரவரி நடுவில் வரும். வந்த அன்றே கிளம்பி அங்கே வருகிறேன். பேருந்தில் வரலாமே என்று வெர்லின் கேட்டான். வரலாம். ஆனால் வந்து, யாருடைய வண்டியில் கடைக்குப் போவேன்?

காபிக் கூட்டத்தில் டிரெய்லர் எங்கே என்று கேட்டார்கள். நியூ மெக்சிகோவில் என்றேன். "யாரு இழுத்துட்டுப் போனா?" என்றான் ஆர்லோ. மார்வா என்றேன். "எதுல?" என்றான். மக்காச்சோள விலையைப் பற்றிப் பேசினோம்.

இங்கே நேற்று முதல் பனி. வாசலைத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டேன். வீடு பெரிதாக இருக்கிறது. உன் வாணலிகள் எல்லாம் அங்கே போய்விட்டதால் முட்டையை அலுமினியச் சட்டியில் பொரிக்கிறேன். ஒட்டுகிறது.

அன்புடன்,
லைல்


கன்யாடா செகா
நவம்பர் 13

லைல்,

முப்பதாம் தேதி சாயங்காலம் வந்து சேர்ந்தேன். ஒன்றாம் இடத்தில் டிரெய்லர் நிற்கிறது. ஹீட்டர் வேலை செய்கிறது. ஓர்லிண்டா பச்சை மிளகாய் போட்ட சூப் கொண்டுவந்தாள். வழியில் காற்று அடித்தது என்று நினைக்கிறேன். மரங்கள் ஆடியதால் தெரிந்தது.

சந்திப்பில் நான் ஹாரன் அடித்தது வழியனுப்ப அல்ல. நீ விளக்குப் போட்டது எந்தப் பக்கம் என்று நம்ப முடியாமல் அடித்தேன். அதற்குப் பிறகு ஓக்லஹோமா வரை உன்னோடு சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தேன். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, தாள் போதாது.

சாயங்காலம் உலாவும் ஆண்கள் இப்போது என் வண்டிக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். நேற்று ஒருவர், "வீட்டுக்காரரு எங்கம்மா?" என்றார். "வண்டி பாத்துக்கிட்டு இருக்காரு," என்றேன். மரியாதையோடு தலையசைத்தார்.

சட்டியை அடுப்பில் வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு வெண்ணெய் போடு. ஒட்டாது.

நீ பிப்ரவரியில் உன் வண்டியோடு வருவதாக ஓர்லிண்டாவிடம் சொன்னேன். அவள் பூங்கா விதிகளை எடுத்துக் காட்டினாள். ஓர் இடத்துக்கு ஒரு டிரெய்லர், ஒரு வண்டி.

மார்வா